பந்தல் நெறி

“…அதுக்கில்ல டாக்டரம்மா, பழம் கனிஞ்சு நிக்கிது, அதான் கேக்குறேன். இந்த அறுப்பை மட்டும் முடிச்சுப்பிட்டு வந்துரவா? நோவு நிக்கும், பழம் நிக்காது பாருங்க” என்றாள் மதினி.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சின்ன அறை அது. மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. கொரோனா ஓய்ந்துவிட்டது என்று ஊரே சொன்ன பிறகும் அவர் முகத்தில் மாஸ்க் இருந்தது. இந்தப் பக்கம் உருண்டை ஸ்டூலில் மதினி. அவள் முதுகுக்குப் பின்னால் என் அண்ணனும் நானும். அண்ணன் கட்டியவள் என்பதால் எனக்கு மதினி. மற்றபடி வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். என்னையும் உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரே பந்தலுக்குக் கீழே நின்றே எங்கள் ரெண்டு பேருக்கும் வயதாகிப் போனது.

டாக்டரம்மா வெளிச்சப் பலகையில் மாட்டியிருந்த ஸ்கேன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். ஏற்கெனவே பார்த்த படம்தான். எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது, இப்போது ஆபரேசனுக்கு வழியில்லை, மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று எங்களுக்கு எடுத்துச் சொன்ன படமும் அதுதான். அதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மதினி, தோட்டக்காரரிடம் லீவு கேட்கிற மாதிரி இந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அவர் பதில் சொல்லும் முன்னால், இந்த ஸ்டூலுக்கு மதினி எப்படி வந்து சேர்ந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நேராக வந்திருந்தால் கம்பத்திலிருந்து மதுரைக்கு ஒரு காலைப்பொழுதுப் பயணம். அவள் வந்த வழியில் ரெண்டு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எங்கள் ஊர் கம்பத்திலிருந்து சுருளிக்குப் போகிற பக்கம். பன்னீர் திராட்சை விளைகிற ஊர். அருவிக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பந்தலுக்குக் கீழே நின்று போட்டோ எடுப்பார்கள். எம்புட்டுக் குளுமை என்பார்கள். குளுமைதான். ஆனால் கொடி மேலே இருக்கிறது, நாங்கள் கீழே இருக்கிறோம். இலை கிள்ளினாலும் கை மேலே, பிஞ்சை ஒதுக்கினாலும் கை மேலே, குலை வெட்டினாலும் கை மேலே. வெட்டும்போது காம்பைத்தான் பிடிக்க வேண்டும். பழத்தில் விரல் பட்டால் மேலே பூத்திருக்கும் வெள்ளைப் பொடி அழிந்துபோகும். வியாபாரி அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுவார். காலையில் தூக்கிய கை சாயங்காலம்தான் இறங்கும். “சாமிகூட வரம் கொடுக்க ஒத்தக் கையத்தான் தூக்குது. நம்ம ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறோம். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் வரம் கிடைச்சபாடில்ல” என்பாள் மதினி.

அவள் வாயிலிருந்து விழுவதையெல்லாம் நான் பொறுக்கி வைத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். பேசத் தெரிந்ததும் எழுதத் தெரிந்ததும் பந்தலுக்குக் கீழே கேட்டதிலிருந்துதான்.

நாங்கள் வேலை செய்வது செட்டாக. தோட்டக்காரர் ஆளுக்கு ஆள் கூலி பேசமாட்டார், செட்டுக்குத்தான் பேசுவார். வந்தால் எல்லோரும் வருவோம், வராவிட்டால் ஒருத்தியும் வரமாட்டோம். எங்கள் செட்டுக்குத் தலை மதினி. எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு, யார் எந்த வரிசை என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். அவளை எதிர்த்துப் பேச ஆசைப்படுகிறவர்கள்கூட, அவள் எடுத்து விடப்போகிற ஒரு வார்த்தைக்குப் பயந்து சும்மா இருந்துவிடுவார்கள்.

கையைத் தூக்கித் தூக்கி எங்களில் யாருக்காவது அக்குளில் நெறி கட்டுவது வழக்கம். கம்பி கீறினாலும் கட்டும், கொடி கீறினாலும் கட்டும், ஒன்றுமே இல்லாமலும் கட்டும். அதற்குப் பந்தல் நெறி என்றே எங்களிடம் பெயர். எருக்கிலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தால் நாலு நாளில் அமுங்கிவிடும். அமுங்காவிட்டால் இன்னும் நாலு நாள் வைப்போம். பந்தல் நெறிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவள் என்று எங்கள் பக்கம் ஒருத்தியும் கிடையாது. போயிருந்தால் சிரித்தே கொன்றிருப்போம்.

ஆஸ்பத்திரி எங்களைத் தேடி வந்ததும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா வருசத்துக்கு ஒரு தடவை தோட்டத்துக்கே வருவார். மத்தியானம் தூக்குவாளியைத் திறக்கிற நேரம் பார்த்து வருவார். அப்போதுதான் எல்லோரையும் ஒரே இடத்தில் பிடிக்க முடியும். சர்க்கரை பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், அப்புறம் மார்பைத் தொட்டுப் பார்ப்பார், கர்ப்பப்பைப் பரிசோதனைக்கு நாள் குறித்துச் சொல்வார். முதல் ரெண்டுக்கும் கையை நீட்டிவிடுவோம். மற்றது என்றதும் ஆளாளுக்கு ஒரு சோலி வந்துவிடும். ஒருத்திக்கு ஆடு கத்துவது கேட்கும். ஒருத்திக்கு அடுப்பில் பால் பொங்கும். அடுப்பு இருப்பது ஊருக்குள், அவள் இருப்பது தோட்டத்தில்.

அப்போதெல்லாம் மதினிதான் முதலில் எழுந்து, நர்சம்மா மறைவாக வைத்துப் பார்க்கிற மோட்டார் ரூமுக்குள் போவாள். போகிற வாக்கில் எங்களையும் ஓட்டிக்கொண்டு போவாள்.

“ஏண்டி, திராட்சையத் தொட்டா பொடி அழிஞ்சுரும்னு வியாபாரி வைவாரு. நம்ம மேல என்ன பொடியா பூத்துக் கிடக்கு? தொட்டுப் பாத்தாத்தான சொத்தை எது, நல்லது எதுன்னு தெரியும். வாங்கடி.”

“வெக்கமா இருக்கு மதினி” என்பேன் நான்.

“ஏன், புள்ள பெறயில உன் வெக்கம் எங்க போயிருந்துச்சு, சந்தைக்கா?”

கொரோனாவுக்கு முன்னால் நர்சம்மா கடைசியாக வந்த தடவை, மோட்டார் ரூம் வாசலில் நான்தான் காவலுக்கு நின்றேன். உள்ளே பேசுவது கேட்டது.

“இந்தா, இங்கன ஒண்ணு உருளுதே. எத்தனை நாளா இருக்கு?”

“எங்கன நர்சம்மா?”

“இந்தா, இடது பக்கம். மொச்சைப் பயறு தண்டி. வலிக்குதா?”

“வலிக்கவே இல்லையே.”

வலிக்கவில்லை என்று சொன்னபோது மதினி குரலில் ஒரு தெம்பு இருந்தது. நர்சம்மாவுக்கு அந்தத் தெம்பு வரவில்லை. “ஒண்ணுமில்லாமலும் இருக்கும்த்தா. இருந்தாலும் மெசின்ல பாக்காம விடக் கூடாது. அடுத்த மாசம் பஸ் மாதிரி ஒரு வண்டி வருது, உள்ளயே மெசின் இருக்கு. கம்பத்துல நிப்பாட்டுவாக. நானே வந்து உன்னையக் கூட்டிட்டுப் போறேன். வந்துரணும், என்ன?”

“வந்துருவேன். சன்னலோரமா ஒரு சீட்டு போட்டு வைங்க.”

அடுத்த மாசம் வண்டி வரவில்லை. ஊரடங்கு வந்தது.

அந்த மாசத்துப் பழம் பந்தலிலேயே தொங்கியது. லாரி இல்லை. கேரளாவுக்குப் போகிற மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள். தோட்டக்காரர் சொல்லி மதினி வியாபாரிக்குப் போன் போட்டாள். “மெதுவா வெட்டுங்க, ஒண்ணும் அவசரமில்ல” என்றார் அவர். திராட்சை வியாபாரிகள் பேசுகிற பேச்சு எங்களுக்கு மனப்பாடம். எடுக்கிற எண்ணம் இருந்தால், இன்னும் வெட்டலையா, லாரி வந்து நிக்கிது என்று உயிரை வாங்குவார்கள். அவசரமில்லை என்று ஒருவர் சொன்னால் அந்தத் தோட்டத்தை அவர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மனசு வராதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மதினி போனை என்னிடம் நீட்டினாள். ரெண்டு தடவை தலையை ஆட்டிக்கொண்டாள். “கத்தரியக் கழுவி வைங்கடி. போச்சு” என்றாள்.

பழம் வெடித்துக் கீழே விழுந்தது. குளவி மொய்த்தது. அந்தப் பக்கம் நடந்தால் கள்ளுக்கடை வாடை அடித்தது.

நர்சம்மாவை அதற்கப்புறம் பார்த்தது தெருமுனையில். மழைக்கோட்டு மாதிரி ஒன்றைத் தலையிலிருந்து கால்வரை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, காய்ச்சல் பார்க்கிற கருவியை நெற்றிக்கு நேரே நீட்டிக்கொண்டு வந்தார். மதினி வாசற்படியில் நின்றே கேட்டாள்.

“நர்சம்மா, வண்டி எப்ப வரும்?”

“எந்த வண்டி?”

மறந்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. சோறு தின்ன மறந்து அலைந்த நாட்கள் அவை. ஒரு நொடி கழித்து ஞாபகம் வந்துவிட்டது என்பது கண்ணில் தெரிந்தது. “அந்த வண்டியா… எல்லாம் கொரோனாவுக்குப் போயிருச்சுத்தா. அந்த டாக்டருகளுக்கும் அங்கனதான் டியூட்டி. இப்போதைக்கு வேற எதையும் பாக்குறதில்ல. நீ எப்படியாச்சும் தேனிக்குப் போய்க் காமிச்சிரு.”

“எதுல போக?”

நர்சம்மா அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்ந்தார்.

தேனி ஆஸ்பத்திரி முழுக்கக் கொரோனா ஆட்கள் என்று பேச்சாக இருந்தது. அங்கே போனால் மாரைப் பார்க்கமாட்டார்கள், மூக்கைத்தான் பார்ப்பார்கள் என்று மதினி சொன்னாள். மதுரைக்குப் போகலாம் என்றால் அது வேறு மாவட்டம், பாஸ் வேண்டும். அண்ணன் வாழைக்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவர். மண்டி மூடிக் கிடந்ததால் வீட்டில்தான் இருந்தார். சிக்னல் கிடைக்கிற மொட்டை மாடியில் உட்கார்ந்து போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கல்யாணம், இறப்பு, மருத்துவம் என்று காரணம் கேட்டது. மருத்துவத்தைத் தொட்டால் டாக்டரிடம் வாங்கிய சீட்டைக் காட்டச் சொன்னது.

“எந்த டாக்டரு சீட்டுத் தருவாரு? பாத்தாத்தான தருவாரு. அவரைப் பாக்கத்தான இந்தப் பாஸே கேக்குறோம்” என்று அண்ணன் போனிடமே சண்டை போட்டார்.

மதினி துவைத்த துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: “எழவுக்குப் போறேன்னா பாஸ் தாராக. எழவு விழாமப் பாக்கப் போறேன்னா தரமாட்டாகளாம். பேசாம எழவுன்னே போடுங்க. கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும், அம்புட்டுதான்.”

“வாயக் கழுவு” என்று அண்ணன் கத்தினார். மதினி சிரித்தாள். நானும் சிரித்தேன். 

அப்புறம் பஸ் விட்டார்கள். பாஸ் தேவையில்லை என்றார்கள். அப்போது போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்குள் எங்கள் ஊரில் தகரம் அடித்துவிட்டார்கள்.

பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி சர்க்கரை மாத்திரை வாங்கத் தேனிக்குப் போனாள். அங்கே மூக்கில் குச்சி விட்டார்கள். மறுநாள் காலையில் தெருவின் ரெண்டு முனையிலும் தகரத்தை நிறுத்திக் கம்பால் கட்டிவிட்டார்கள். எங்கள் செட்டில் பாதிப் பேர் அந்தத் தெரு. ரொம்ப நாளைக்கப்புறம் அப்போதுதான் பழத்துக்கு லாரி வரத் தொடங்கியிருந்தது. தோட்டக்காரர் ரெண்டு நாள் பொறுத்தார். மூன்றாவது நாள் காமயகவுண்டன்பட்டிப் பக்கமிருந்து வேறு செட்டைக் கூட்டிவந்துவிட்டார். தகரத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் பாதிப் பேர், அந்தப் பக்கம் மீதிப் பேர். எங்கள் பந்தலில் யாரோ குலை வெட்டினார்கள்.

தகரத்தைப் பிரித்த அன்று வாய்க்கால் மேட்டில் செட்டு கூடியது. அறுப்பு முடிகிறவரைக்கும் ஒருத்தியும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது, காய்ச்சல் என்றால் கசாயத்தைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று பேசி முடித்தோம். ஒருத்தி போனால் செட்டே போய்விடும். அதை எடுத்துச் சொன்னது மதினிதான். செட்டுக்குத் தலை அவள், அவள்தானே சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது அவளிடம் கேட்டேன்.

“அப்ப உன் மொச்சைப் பயறு?”

“அது வலிக்கல புள்ள. வலிக்காததைக் காமிக்கப் போயி, வலிக்கிறதை வாங்கிட்டு வரவா?”

எங்களுக்குத் தெரிந்த நியாயம் அதுதான். வலித்தால் நோவு. வலிக்காமல் ஒரு நோவு உள்ளே உட்கார்ந்து வளரும் என்று யார் எங்களுக்குச் சொன்னார்கள்? நர்சம்மா சொல்லியிருப்பார், வருசா வருசம் வந்திருந்தால். அந்த வருசம் மோட்டார் ரூமுக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த வருசமும் வரவில்லை. பந்தலில் ஒரு அறுப்பு முடிவதற்குள் அடுத்த தோட்டத்து அறுப்பு வந்துவிடும். அறுப்பு முடிகிறவரைக்கும் என்று நாங்கள் வைத்த கெடு முடியவே இல்லை.

மதினிக்கு இடது அக்குளில் நெறி கட்டியது. பந்தல் நெறிதான் என்றாள். நான்தான் எருக்கிலை வாட்டிக் கொடுத்தேன். ஜாக்கெட்டை அவிழ்க்காமல், கையை மட்டும் தூக்கி, இலையை உள்ளே செருகிக்கொண்டாள். நாலு நாளில் அமுங்கவில்லை. இன்னும் நாலு நாள் வைத்தோம். எருக்கஞ்செடியே மொட்டையாகிப் போனது.

அப்போது தடுப்பூசி வந்தது. பள்ளிக்கூடத்தில் வைத்துப் போட்டார்கள். எல்லோருக்கும் இடது கையில். மறுநாள் பந்தலில் ஒருத்திக்கும் கை தூக்க வரவில்லை. ரெண்டு மூன்று பேருக்கு அக்குளில் கட்டியும் விட்டது.

“எனக்கு எலுமிச்சங்கா தண்டிக்கு இருக்குடி.”

“எனக்கு நெல்லிக்கா.”

“இந்தா கவர்மெண்ட்டு ஊசி போட்டு நம்ம கக்கத்துலயே காய்கறித் தோட்டம் போட்டுருச்சு” என்றாள் மதினி. அன்று அவள் சிரித்த மாதிரி ரொம்ப நாளாகச் சிரித்துப் பார்க்கவில்லை. அது வெறும் கேலிக்குச் சிரித்த சிரிப்பில்லை. தன் நெறிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது, தன்னைப் போல் நாலு பேருக்கு இருக்கிறது என்ற நிம்மதி. பந்தல் நெறி என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து ஊசி நெறி என்று சொல்லத் தொடங்கினாள். மற்றவர்களுக்குக் கொஞ்ச நாளில் வற்றிவிட்டது. அவளுக்கு வற்றவில்லை.

ரெண்டாவது ஊசிக்குப் போனபோது நர்சம்மாவிடம் கேட்டாள். நர்சம்மாவே அதற்குள் கொரோனாவில் விழுந்து எழுந்து வந்திருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது, முன்முடி கொட்டியிருந்தது. ஒரு ஊசியை எடுக்கிறார், போடுகிறார், அடுத்த ஊசியை எடுக்கிறார். “ஊசி போட்டா சில பேருக்குக் கக்கத்துல கட்டும்த்தா, தன்னால போயிரும்” என்றார், தலையைத் தூக்காமல். அவர் சொன்னது உண்மைதான். மதினிக்குக் கட்டியது ஊசிக்கு முந்தியே என்பதை அவர் கேட்கவில்லை, மதினியும் சொல்லவில்லை. வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டிச் சாலைவரைக்கும் நின்றது. பின்னால் நின்றவள், “ஏத்தா, கதை பேசவா வந்த?” என்றாள்.

அதற்கப்புறம் மதினியின் இடது கை வீங்கத் தொடங்கியது. கண்ணாடி வளையல் இறங்கவில்லை. சின்னமனூரில் வளையல்காரம்மா சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில் உடைத்துத்தான் எடுத்தார். பிறகு அந்தக் கை தோளுக்கு மேலே வரவில்லை. செட்டு என்ன செய்தது தெரியுமா? அவளை உட்கார வைக்கவில்லை. உட்கார்ந்தால் தோட்டக்காரர் கேட்பார். அவள் வரிசையில் நானும் நின்றேன். நான் காம்பைப் பிடிப்பேன், அவள் வலது கையால் கத்தரியை வைப்பாள். ஒரு குலைக்கு ரெண்டு பேர். எங்கள் பங்கு வேலையை மற்றவர்கள் ஒருத்தரும் முகம் சுளிக்காமல் இழுத்துப் போட்டுச் செய்தார்கள். அவளுக்கு முடியவில்லை என்பது வெளியே தெரியாமல் அத்தனை பேரும் சேர்ந்து பார்த்துக்கொண்டோம். அவ்வளவு பிரியம் அவள் மேல்.

முதுகு வலிக்கிறது என்றாள். பந்தல் வேலை செய்கிறவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்றார் அண்ணன். அவள் பேச்சு குறைந்தது. பொறுக்கி வைக்க எனக்கு ஒன்றும் கிடைக்காத நாட்களும் இருந்தன.

மூன்றாவது வருசம் ஒரு மத்தியானம், தூக்குவாளியைத் திறக்கிற நேரத்துக்கு நர்சம்மா பந்தலுக்குள் குனிந்து வந்தார். பழையபடி வந்தார். மதினிதான் முதலில் எழுந்தாள். எழுந்திருக்கச் சிரமப்பட்டாள், ஆனாலும் அவள்தான். நான் மோட்டார் ரூம் வாசலில் காவலுக்கு நின்றேன். இந்தத் தடவை உள்ளே பேச்சே இல்லை.

“என்ன நர்சம்மா, சாமி கீமி வந்துருச்சா? பேசவே மாட்டேங்குறீக” என்று மதினி குரல் மட்டும் கேட்டது.

நர்சம்மா வெளியே வந்து சுவரில் சாய்ந்தார். மாஸ்க் நனைந்திருந்தது. மதினி ஒரு கையாலேயே கொக்கிகளை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தாள்.

“ஏன்த்தா வரல? நான் சொன்னேன்ல, ஏன் நீ போய்க் காமிக்கல?” என்றார் நர்சம்மா.

“நீங்கதான வண்டியோட வாரேன்னீக. நான் சன்னலோரம் சீட்டு கேட்டேன்ல?”

கேலியாகத்தான் சொன்னாள். நர்சம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தேனி, பிறகு மதுரை. ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், நாள் கொடுத்தார்கள், திரும்ப வரச் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது பார்த்தால் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். மேகமலையில் தேயிலை பறிக்கிற ஒரு அக்கா, மலையை விட்டு இறங்கப் பஸ் இல்லை என்று இருந்துவிட்டாராம். ஜெயமங்கலத்துக்காரர் ஒருவர், தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பேச வராமல் சைகையில் சொன்னார். அவர் சம்சாரம் அதை எங்களுக்குச் சொன்னார்: “இருமுனா கொரோனான்னு தூக்கிட்டுப் போயிருவாகன்னு இருமாமலே இருந்தாக. கொரோனா முடியட்டும்னு இருந்தோம்.” எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கொரோனா முடியட்டும் என்று இருந்தோம்.

மதினி பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் பார்த்தாள். “வரிசை எம்புட்டு நீளம் பாரு நாத்துனா. போன வருசம் நிக்க வேண்டியவக, அதுக்கு முந்துன வருசம் நிக்க வேண்டியவக, எல்லாரும் இன்னைக்குச் சேந்து வந்துருக்கோம். டாக்டரம்மா பாவம், யார மொத பாப்பாக?”

அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். அப்புறம்தான் அந்த ஸ்டூல், அந்தப் படம், அறுப்பை முடித்துவிட்டு வரவா என்ற கேள்வி.

டாக்டரம்மா படத்திலிருந்து கண்ணை எடுத்து மதினியைப் பார்த்தார். நல்ல மனுசி. குரலைத் தாழ்த்தி, மெதுவாகச் சொன்னார்.

“முடிச்சிட்டே வாங்கம்மா. ஒண்ணும் அவசரமில்ல.”

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “கேட்டியா, அவசரமில்லன்னுட்டாக! நான்தான் சொன்னேன்ல, பயப்படாதன்னு” என்று மதினியின் முதுகைத் தட்டினார். டாக்டரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் மண்டியில் லோடு ஏற்றுகிறவர். திராட்சை வியாபாரியிடம் போனில் பேசியவர் இல்லை.

நான் மதினியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவள் கழுத்துக்குப் பின்னால் வியர்வையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தலை ரெண்டு தடவை மெல்ல ஆடியது.

அடுத்து அவள், கத்தரியக் கழுவி வைங்கடி, போச்சு என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்து எழுந்தாள். திரும்பி என் தோளைப் பிடித்து இழுத்து, அந்த உருண்டை ஸ்டூலில் என்னை உட்கார வைத்தாள். ஸ்டூல் சூடாக இருந்தது.

“இவளைப் பாருங்க டாக்டரம்மா. என் நாத்துனா. இவளும் எங்கூடத்தான் கையத் தூக்குறா. அந்த வண்டி இவளுக்கும்தான் வரல.”

“ஏய், என்ன பண்ற? வெளிய எம்புட்டுப் பேரு காத்துக்கிட்டு இருக்காக” என்றார் அண்ணன்.

“நீங்க வெளிய நில்லுங்க” என்றாள் மதினி.

நான் எழப் பார்த்தேன். என் தோளில் இருந்த அவள் வலது கை அமுக்கியது. பக்கத்தில் பச்சைத் திரை ஒன்று பாதியில் நின்றது. மேலே கம்பியில் ஒரு வளையம் சிக்கியிருந்தது. வலது கையை என் தோளிலிருந்து எடுக்காமலே, பந்தலுக்குக் கீழே நிற்கிற மாதிரி அண்ணாந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தூக்க வராத அந்த இடது கையைத் தூக்கி வளையத்தைத் தள்ளினாள். திரையை முழுசாக இழுத்து மூடினாள்.